ஒரு துளிக் கண்ணீரின் விலை

1964 அக்டோபரில் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியில் ‘திஸ் அவர் ஹேஸ் செவன் டேஸ்’ தொடங்கியது. ஞாயிறு இரவு ஒரு மணி நேரம். ஆவணப்படம், பேட்டி, அரசியல்வாதிகளைக் கிண்டலடிக்கும் பாட்டு எல்லாம் ஒரே பந்தியில். கு க்ளக்ஸ் க்ளான் ஆட்களைப் பேசவைத்து, பாதியில் ஒரு கறுப்பினப் போராளியைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஜனம் வாயைப் பிளந்து பார்த்தது. நிர்வாகம் பல்லைக் கடித்தது.

1966 மார்ச்சில் ஸ்டீவன் ட்ரஸ்காட்டின் தாயுடைய பேட்டி. 1959இல், 14 வயதில், கொலை வழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆயுளாகக் குறைக்கப்பட்ட பையன். பேட்டி முடிந்ததும் தொகுப்பாளர் லோரியே லாபியேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். செய்திக்காரன் அழலாமா என்று மேலிடம் கொதித்தது. ஏப்ரலில் அவருக்கும் சக தொகுப்பாளர் பேட்ரிக் வாட்சனுக்கும் வேலை போச்சு. தெருவில் ஆர்ப்பாட்டம், நாடாளுமன்றக் குழுவில் விசாரணை. மே மாதம் நிகழ்ச்சியே முடிந்தது.

பாணி மட்டும் சாகவில்லை. அதே வருடம் சிடிவியில் ‘டபிள்யூ5’, 1968இல் அமெரிக்காவில் ‘60 மினிட்ஸ்’. ஆளை மடக்கும் கேள்வியை எல்லா நாட்டுத் தொலைக்காட்சியும் சுலபமாகக் கற்றுக்கொண்டது. தண்டனை பெற்றவனின் அம்மா பேசி முடிக்கும்வரை காதுகொடுப்பதைக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு.

2007இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ட்ரஸ்காட்டை விடுதலை செய்தது. நடுநிலை தவறியதாகச் சொல்லப்பட்ட அந்தக் கண்ணீர், தீர்ப்பைவிட 41 வருடம் முந்திக்கொண்டது.