மைலோ டின்னில் உறைந்த சிமெண்ட்

கெமாஸ் என்றதும் பெரும்பாலோருக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். மேற்குக் கரைப் பாதையும் கிழக்குக் கரைப் பாதையும் பிரிகிற சந்திப்பு அது. வரலாறு படித்தவர்கள் 1942 ஜனவரி 14-ஐச் சொல்வார்கள். அன்று கெமாஸுக்கு அருகே ஒரு பாலத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கியது. அந்த வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். லயத்துக்குப் பின்னால் கிடந்த எடைகள். இரண்டு பெரிய மைலோ டின்கள், அவற்றுக்குள் இறுகிய சிமெண்ட், இரண்டையும் இணைக்கிற பழைய தண்ணீர்க் குழாய். எங்கள் பையன்களின் ஜிம் அவ்வளவுதான்.

மைலோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் யோசித்ததில்லை. 1934-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் என்பவர் நெஸ்லே நிறுவனத்துக்காக உருவாக்கிய பானம் அது. பெயரை கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மல்லன் மைலோவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். குரோட்டன் ஊர்க்காரனான அவன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கினான் என்பது கதை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் உடல் அதற்கேற்பப் பழகும் என்று பயிற்சியாளர்கள் சொல்லும்போது இன்றும் இந்தக் கதையைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. கன்று நிற்காமல் வளரும், மனிதன் அப்படி வளரமாட்டான். இரும்பு தூக்கிய எவருக்கும் இது தெரியும். முதல் மூன்று மாதம் வாராவாரம் எடை ஏறும். அது பெரும்பாலும் தசை பெருத்ததால் வருவதில்லை. இருக்கிற தசைநார்களை ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிட நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. அந்தக் கற்றல் முடிந்ததும் எண்ணிக்கை நின்றுவிடும். அதன்பிறகு தசை உண்மையிலேயே வளர்ந்தாக வேண்டும், அது மெதுவான வேலை. பளு தூக்குகிறவர்கள் இந்த நிலையைத் தேக்கம் என்கிறார்கள்.

எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். மைலோ டின் அவருக்கு எளிதாகிவிட்டது. அடுத்ததாக இருந்தது பெயிண்ட் டின்னில் வார்த்த எடை, அது நகரவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. பெரியவர்கள் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று: "இன்னும் கொஞ்சம் தம் கட்டித் தூக்குடா தம்பி." அவரும் தினமும் தம் கட்டினார். ஒரு வருடம் கழித்து முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர்களின் யோசனை இளவட்டக்கல் காலத்து யோசனை. தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோயில் முன்னாலோ ஊர் மந்தையிலோ உருண்டையான கல் ஒன்று கிடக்கும். குந்தி உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். தூக்கினவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது வழக்கு, பொங்கலுக்கு இன்றும் சில ஊர்களில் போட்டி நடக்கிறது. அந்தக் கல்லுக்கு எடை ஒன்றுதான். தூக்கினால் இளவட்டம், தூக்காவிட்டால் இன்னும் பையன். ஒருவன் ஆண்பிள்ளையாகிவிட்டானா என்று சோதிக்க அது போதும். ஆனால் தூக்க முடியாதவனைத் தூக்க வைக்கிற வழி அந்தக் கல்லில் இல்லை.

அந்த வழியைத் தேடியவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் காலில் அடிபட்டு வந்த வீரர்களுக்கு, சிகாகோ மருத்துவமனை ஒன்றில், மென்மையான உடற்பயிற்சிக்குப் பதிலாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். 1945-இல் அதைப் பற்றி எழுதினார். ஒருவனால் சரியாகப் பத்து முறை தூக்க முடிகிற எடை எது என்று முதலில் பார்ப்பது, பிறகு அதை அளந்து கூட்டுவது என்பது அவர் முறை. கல்லுக்கு ஏற்ற மனிதனைத் தேடாமல் மனிதனுக்கு ஏற்ற எடையைத் தேடினார்.

இன்னொருவர் ஹான்ஸ் செல்யே. எலிகளின் உடல் கடும் அழுத்தத்தை எப்படி எதிர்கொள்கிறது என்று ஆராய்ந்து 1936-இல் எழுதியவர். முதலில் அதிர்ச்சி, பிறகு தாங்கிப் பழகுதல், அழுத்தம் தொடர்ந்தால் கடைசியில் சோர்ந்து வீழ்தல் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்தார். விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இதிலிருந்து கற்ற பாடம் எளிமையானது. எடை தூக்கும்போது பலம் கூடுவதில்லை, குறைகிறது. பிறகு சாப்பிட்டுத் தூங்கி எழும்போதுதான் கூடுகிறது. 1960-களில் சோவியத் ஆய்வாளர் லெவ் மத்வேயெவ் இதை ஆண்டுக் கணக்கில் திட்டமாக வகுத்தார். சில வாரம் ஏற்றம், பிறகு வேண்டுமென்றே இறக்கம், மறுபடி ஏற்றம். தேக்கத்தை உடைக்க விரும்புகிறவர் முதலில் எடையைக் குறைக்க வேண்டும் என்பது தம் கட்டச் சொன்ன எங்கள் பெரியவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

இதைப் படித்தபோதுதான் சின்ன வயதிலிருந்து எனக்குள் இருந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் வெட்டி, காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேடும் பள்ளமும் ஏறி ஸ்டோருக்கு நடந்தவர்கள் எங்கள் தாத்தா பாட்டிமார்கள். தினமும் எடை தூக்கினார்கள். மைலோ கதைப்படி அவர்கள் ராட்சதர்களாகியிருக்க வேண்டும். ஆனால் நாற்பது வயதிலேயே தோள் இறங்கி முழங்கால் தேய்ந்து போனார்கள். பயிற்சியில் எடையைத் தீர்மானிப்பது உடல். தோட்டத்தில் அதைத் தீர்மானித்தது மரமும் கங்காணியும். உடம்பு தேறுவதற்கு ஓய்வும் இல்லை, அதற்கேற்ற சாப்பாடும் இல்லை. பாரம் ஒன்றுதான், உடலுக்கு அது செய்ததுதான் வேறு.

இதன் கொடூரமான எல்லையும் கெமாஸ் வழியாகவே போகிறது. ஜப்பானியர் காலத்தில் கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் சேர்ந்து கொன்றன. செல்யே எலிகளிடம் பார்த்த மூன்றாம் கட்டத்தை எங்கள் ஆட்கள் காட்டுக்குள் கண்டார்கள். உடற்பயிற்சி பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஓய்வு என்பது சோம்பேறித்தனம் என்று நம்ப வைக்கப்பட்ட சமூகம் நாம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டாமா?

போர் முடிந்து ஐந்தே ஆண்டில், 1950 ஆக்லாந்து பேரரசு விளையாட்டில் மலாயா பளு தூக்குதலில் தங்கம் வென்றது. தோ ஃபூக் ஹங், கோ எங் தோங் என்ற இரண்டு சீன வீரர்கள். தமிழர்களுக்கு உடல்வாகு போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. வேலூர் சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. அவருடைய அப்பா முன்னாள் ராணுவ வீரர், தேசிய அளவில் எடை தூக்கியவர். அதாவது மகன் பிறக்கும்போதே வீட்டில் ஒரு பயிற்சியாளர் இருந்தார்.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கி சதீஷ் தங்கம் வாங்கினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் தூக்கியது 329. இரண்டு வருட உழைப்புக்கு மேடையில் தெரிந்தது ஒரு கிலோ. பிறகு தேசியப் போட்டி ஒன்றில் 194 கிலோ ஜெர்க்கை முயன்று தொடையில் காயம்பட்டார். அந்தக் காயம் முழுதாக ஆறாமலே 2018 கோல்டுகோஸ்டுக்குப் போய் 317 கிலோ தூக்கினார். கிளாஸ்கோவைவிட 11 கிலோ குறைவு, ஆனாலும் தங்கம். அன்று தன் உடம்பு தாங்குகிற எடை எது என்று தெரிந்து தூக்கியதற்குக் கிடைத்த பதக்கம் அது.

ஒரு கிலோ சாதாரணம் இல்லை. 2005 வரை போட்டி மேடையில் எடையை இரண்டரை கிலோ வீதம்தான் கூட்டிக் கேட்க முடிந்தது, பிறகுதான் ஒரு கிலோ வீதமாக்கினார்கள். உலக சாதனைக்கு மட்டும் அப்போதே அரை கிலோ போதும். மூன்று தூக்குகளில் முதன்முதலாக 600 கிலோவைத் தாண்டிய சோவியத் வீரர் வாசிலி அலெக்சேயெவ் 1970-க்கும் 1977-க்கும் நடுவில் 80 உலக சாதனைகள் படைத்தார். பலவும் முந்தையதைவிட அரை கிலோ மட்டுமே கூடுதல். சுவரை இடிக்காமல் செங்கல் செங்கலாக உருவினார் என்று வைத்துக்கொள்ளலாம். குறுக்கு வழியும் உண்டு. 1988 சியோலில் பல்கேரியாவின் இரண்டு தங்க வீரர்கள் ஊக்கமருந்தில் பிடிபட, அந்த அணியே போட்டியை விட்டு வெளியேறியது.

இப்போது தமிழ் இளைஞர்கள் பலர் காண்டோ ஜிம்களில் தூக்குகிறார்கள். எடை நின்றுவிட்டால் பவுடரை மாற்றுகிறார்கள், இல்லையென்றால் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வாரம் எடையைப் பாதியாகக் குறையுங்கள். எந்த இடத்தில் கம்பி நிற்கிறது என்று பார்த்து அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பழகுங்கள். அரை கிலோ தட்டு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் தூங்குங்கள். அப்படித் தூங்குகிற உரிமை நம் தாத்தா பாட்டிகளுக்கு இருந்ததில்லை.