பத்தாயம்

பத்தாயம் என்பது நெல்லைக் கொட்டி வைக்க வீட்டுக்குள் நிறுத்தப்படும் பெரிய மரப்பெட்டி. காவிரிப் படுகையில் குதிர், சேர் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுவது; கேரளத்திலும் இதே பெயரில் உண்டு. குதிர் மண்ணால் ஆனது. சேர், வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி எழுப்புவது. பத்தாயத்துக்கு நல்ல மரம் வேண்டும், ஆசாரிக்குக் கூலி வேண்டும். ஆகவே வசதியுள்ள மிராசு வீடுகளில்தான் அது நின்றது.

பலகை அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஆளுயரத்துக்கு மேல் கொண்டுபோவார்கள். மேல்மூடியைத் திறந்து நெல்லைக் கொட்டுவது. எடுப்பதற்கு அடியில் சிறு திறப்பு. அதன் பலகையைத் தூக்கினால் நெல் தானாகச் சரிந்து, அளக்கும் பாத்திரமான மரக்காலில் விழும். மரக்கால் நிறைந்ததும் பலகையை இறக்கிவிட வேண்டும். நெல்லோடு நொச்சித் தழையும் வேப்பிலையும் போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. அடுக்கடுக்காகக் கழற்றி மாட்டலாம் என்பதால் பாகம் பிரியும்போதும் வீடு மாறும்போதும் பத்தாயமும் கூடவே போனது.

நெல்லைப் பெரிய அளவில் சேர்த்து வைத்தவை கோயில்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு விதிக்கிறது. அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். 12 மரக்கால் ஒரு கலம். இந்த ஒரு செலவுக்கே ஆண்டுக்கு 40,000 கலம் வந்து சேர வேண்டும். அத்தனை நெல்லையும் காத்து, குறையாமல் அளந்து கொடுத்த நிர்வாகத்தைக் கோபுரத்துக்கு இணையாகவே மதிக்க வேண்டும்.

கண்ணால் பார்க்கக் கிடைக்கும் பழைய களஞ்சியங்களில் ஒன்று பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைப் பாலைவனநாதர் கோயிலில் இருக்கிறது. 1600-1634 காலத்தில் தஞ்சை நாயக்கர்கள் செங்கல்லால் கட்டியது. வட்டமான சுவர், கூம்பிய உச்சி, சுமார் 3,000 கலம் கொள்ளளவு. ஆற்றோர ஊரின் ஈரக்காற்றில் நான்கு நூற்றாண்டு நின்றிருக்கிறது.

பத்தாயம் தையில் அறுக்கும் சம்பாவுக்கு ஏற்றது. பனி விலகி வெயில் ஏறும் காலம்; களத்தில் இரண்டு நாள் காய்ந்தால் நெல் கலகலவென்று ஒலிக்கும், அப்படியே கொட்டி மூடலாம். குறுவை அப்படியல்ல. புரட்டாசி, ஐப்பசியில் அறுக்கும்போதே மழை பிடித்துக்கொள்ளும். 1960களில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்கள் பரவி, குறுவை நெல் மலையாகக் குவிந்தபோது மரப்பெட்டியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஈரநெல் உள்ளே சூடேறி முளைவிட்டுவிடும். ஈரநெல்லைக் காக்கும் வழி தேட 1967இல் திருவாரூரில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக இருக்கிறது.

அதே சமயத்தில் நெல் வீட்டை விட்டும் வெளியேறியது. இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தை 1965 சனவரி 14 அன்று, பொங்கல் நாளில், தஞ்சாவூரில் திறந்தது. 1972இல், நெல்லைக் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. இன்று அறுவடை இயந்திரம் கொட்டும் நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய் 40 கிலோ மூட்டையாகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றிய அரசின் தளர்வு ஆணை வரும்வரை சாலையோரத்தில் தார்ப்பாய்க்கடியில் காத்துக் கிடக்க வேண்டும். விளைந்த நெல்லை வைக்கச் சொந்த இடமில்லாத விவசாயியின் அந்த இரவுகள் கொடுமையானவை. நெல்லைக் கிடங்கில் வைத்து, ரசீதைக் காட்டிக் கடன் வாங்கும் வழி 1958இல் மாநில சேமிப்புக் கிடங்கு நிறுவனம் தொடங்கியதிலிருந்தே உண்டு. ஆனால் காயாத நெல்லுக்கு அது உதவாது.

பத்தாயத்துக்கு வேறு வேலை வந்தது. சென்னையில் வீடு மாறுவோர், வெளிநாடு போவோர் தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டு வைக்க இப்போது மாத வாடகைக்குப் பூட்டிய அறைகள் கிடைக்கின்றன. படுகைக் கிராமங்களில் அந்த வேலையைப் பூட்டிய பூர்வீக வீடே செய்கிறது. அங்கே பத்தாயத்துக்குள் பித்தளை அண்டா, பழந்துணியில் சுற்றிய கொலு பொம்மைகள், பழைய பத்திரக்கட்டு. வீட்டை விற்கும்போது பலகைகளைப் பழைய மரக்கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்கிறார். இடுக்குகளில் ஒட்டியிருக்கும் உமி வண்டியில் ஏற்றும்போது உதிர்கிறது.