இருக்கை உரிமை

இருக்கை உரிமை என்பது, கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் நின்றபடி வேலை செய்யும் ஊழியர்கள், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளச் சட்டம் தரும் உரிமை. இந்தியாவில் கடை ஊழியர்களுக்கு இதை முதலில் வழங்கியது கேரளம் (2018). அடுத்து வந்தது தமிழ்நாடு (2021). தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவாக இது சேர்க்கப்பட்டது. ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும் விதிதான். ஆனால் இதைக் கேட்டுத் தெருவில் இறங்கியவர்கள் ஜவுளிக் கடைகளிலும் சிறு கடைகளிலும் வேலை பார்த்த பெண்கள்.

நிற்கும் வேலை

பழைய ஜவுளிக் கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். தரையில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும். கடைக்காரர் சம்மணமிட்டு அமர்ந்து சேலைகளைப் பிரித்துப் போடுவார். எதிரே குடும்பமே உட்கார்ந்து விலை பேசும். பட்டுச் சேலை விற்கும் சில கடைகளில் இந்த வழக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. பல மாடிக் கடைகள் வந்தபோது மெத்தை போய்க் கவுண்டர் வந்தது. வாடிக்கையாளர் நடந்துகொண்டே பார்ப்பவர் ஆனார், விற்பவர் அவருக்காக நின்றுகொண்டே இருப்பவர் ஆனார். ஆகவே நின்று விற்பது இந்தத் தொழிலின் மரபு என்று சொல்வதற்கில்லை. வாடிக்கையாளர் உள்ளே வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம்தான் அதற்குப் பின்னால் இருக்கிறது. கல்லாவில் இருப்பவருக்கு இந்த மரியாதைக் கணக்கு பொருந்துவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சென்னை தியாகராய நகர் போன்ற கடைத்தெருக்களில் வேலை செய்வோரில் பலர் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்த இளம் வயதினர். கடை நிர்வாகமே தரும் விடுதியில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு அடைக்கும்வரை தளத்தில் நிற்பவர்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேரமாவது இடைவேளை தரவும் சொல்கிறது. தீபாவளிக் கூட்டத்திலும் ஆடித் தள்ளுபடியிலும் இந்த வரம்புகள் எங்கே போகின்றன என்பது கடைத்தெருவுக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். வசந்தபாலன் இயக்கத்தில் 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ இந்த வாழ்க்கையைப் பொதுமக்கள் முன்னால் வைத்தது. சட்டம் வர அதற்குப் பிறகும் பதினோரு ஆண்டுகள் ஆயின.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. இரத்தம் காலிலேயே தேங்கி, சிரைகளில் அழுத்தம் கூடுகிறது, பாதம் வீங்குகிறது, ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்ளும் வெரிகோஸ் நோய் வரும் வாய்ப்பு அதிகமாகிறது. இடுப்பு வலியும் முழங்கால் வலியும் உடன் வருபவை. கர்ப்பிணிகளுக்கும் மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கும் இந்தச் சுமை இன்னும் கூடுதல்.

கோழிக்கோட்டில் தொடங்கியது

போராட்டம் நாற்காலியில் தொடங்கவில்லை, கழிப்பறையில் தொடங்கியது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் சமாளித்தார்கள். அந்தத் தெருவில் தையல் வேலை செய்துவந்த பி. விஜி அவர்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். பெரிய தொழிற்சங்கங்கள் கடைப் பெண்களை ஒரு பொருட்டாகக் கருதாத காலம் அது. கழிப்பறைக்கான போராட்டத்தில் சேர்ந்த கூட்டம் அடுத்ததாக உட்காரும் உரிமையைக் கையில் எடுத்தது. 2014 இறுதியில் திருச்சூரின் பெரிய சேலைக் கடை ஒன்றில், சங்கத்தில் சேர்ந்த பெண்கள் சிலரை நிர்வாகம் தொலைவான கிளைகளுக்கு மாற்ற, அவர்கள் கடை வாசலிலேயே அமர்ந்து போராடினார்கள். உட்கார அனுமதிக்காத கடையின் முன்னால் நூறு நாட்களுக்கும் மேல் உட்கார்ந்தார்கள்.

2018இல் கேரள அரசு தன் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. உலகில் செல்வாக்கு மிக்க நூறு பெண்கள் என்று பிபிசி அந்த ஆண்டு வெளியிட்ட பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த யோசனை 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தின் முன் வந்து ஒருமனதாக ஏற்கப்பட்டது. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டப்பேரவையில் திருத்த மசோதாவைத் தாக்கல் செய்தார். அதே மாதம் அது நிறைவேறியது. வேலை நேரம் முழுவதும் நிற்க வைக்கப்படுவதால் ஊழியர்களுக்குப் பலவித உடல்நலக் கோளாறுகள் வருகின்றன என்று மசோதாவின் நோக்கவுரையே ஒப்புக்கொண்டது.

முன்னோடிகள்

இது புதுமையான கோரிக்கை அல்ல. பிரிட்டன் 1899இலேயே கடை உதவியாளர்களுக்கான இருக்கைச் சட்டத்தை இயற்றி, மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு விதித்தது. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் (1948) 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு இருக்கை வசதி செய்துதரச் சொன்னது. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்ததைக் கடைத் தொழிலாளி பெற எழுபது ஆண்டுகள் காத்திருந்தார். வணிகம், அலுவலகங்களில் சுகாதாரம் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 120ஆம் உடன்படிக்கை (1964) ஒரு படி மேலே போய், இருக்கை தருவதோடு அதைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் 2016இல், காசாளர்கள் தொடர்ந்த வழக்கில், அந்தந்த இடத்தில் செய்யும் வேலையை உட்கார்ந்து செய்ய முடியுமா என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும், ஊழியர் நிற்பதைத்தான் முதலாளி விரும்புகிறார் என்பது மட்டும் போதாது என்றது.

நடைமுறை

தமிழ்நாட்டுச் சட்டத்தின் பலவீனம் இங்கேதான். ‘பொருத்தமான’ இருக்கை வசதி வேண்டும் என்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை என்று சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அமரலாம் என்கிறது. வாய்ப்பு எப்போது என்பதைத் தளத்தில் நிற்கும் சூப்பர்வைசர் முடிவு செய்கிறார். ஆய்வுக்கு வருபவரிடம் காட்ட கவுண்டருக்கு அடியில் நாலு ஸ்டூல் இருந்தால் போதும், விதி நிறைவேறிவிடும். திருட்டைக் கண்காணிக்க வைத்த சிசிடிவி கேமரா, யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் பார்க்கிறது. நாற்காலி வாங்குவது செலவு குறைந்த காரியம். உட்கார்ந்ததற்காகத் திட்டு விழாது என்ற நம்பிக்கையைத் தருவது கடினம். பெரும்பாலான கடைகளில் சங்கம் இல்லாத நிலையில், அந்த நம்பிக்கையைக் கேட்டு வாங்க ஆள் இல்லை.

அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. நாள் முழுவதும் நிற்க முடிந்தவர்தான் விற்பனையாளர் ஆகலாம் என்றால், காலில் ஊனமுள்ளவரும் வயதில் மூத்தவரும் நேர்காணலுக்கு வருவதற்கு முன்பே தள்ளப்பட்டுவிடுகிறார்கள். துணியை அறிந்து, வாடிக்கையாளரின் மனதறிந்து பேசத் தெரிந்த ஒருவருக்கு அந்த வேலைக்கு வேண்டிய திறமை முழுவதும் இருக்கலாம். அவரை வெளியே நிறுத்துவது நாற்காலி இல்லாத கவுண்டர் மட்டுமே. உள்ளே இருப்பவர்களுக்கான நலத்திட்டமாக மட்டும் இந்த உரிமையைப் பார்ப்பது அதைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

விற்பனை இப்போது கைபேசிச் செயலிகளுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. உணவும் மளிகையும் வீட்டுக்குக் கொண்டுவருபவர்களைச் செயலி நிறுவனங்கள் ஊழியர் என்று அழைப்பதில்லை, பங்காளர் என்கின்றன. கடை என்ற கட்டடத்துக்காக எழுதப்பட்ட 22-அ பிரிவு, அடுத்த ஆர்டருக்காக ஓட்டல் வாசலில் பைக்கில் சாய்ந்தபடி காத்திருப்பவரைத் தொடுவதில்லை. தமிழ்நாடு அரசு 2023இல் இவர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்கள் அமர்ந்து இளைப்பாற, கழிப்பறையும் கைபேசிக்கு மின்னேற்றும் வசதியும் கொண்ட குளிரூட்டப்பட்ட ஓய்வறை ஒன்றைத் திறந்தது. வேலை வாங்கும் நிறுவனங்கள் அப்படி ஓர் இடம் தர வேண்டும் என்று 22-அ பிரிவு சொல்லவில்லை.