மேடைத்தமிழ்

மேடைத்தமிழ் என்பது பொதுக்கூட்டம், சமயச் சொற்பொழிவு, பேச்சுப் போட்டி முதலியவற்றில் முன்னரே அணியம் செய்து பேசப்படும் தமிழ் நடை ஆகும். இது ஒலியில் பேச்சு எனினும், சொற்களில் எழுத்துத் தமிழையே பெரிதும் சார்ந்துள்ளது. இரட்டை வழக்கு உள்ள மொழியாதலால், ஆயத்தப் பேச்சுக்கும் இயல்பான பேச்சுக்கும் உள்ள இடைவெளி தமிழில் மிக அகலமானது.

சொல் தெரிவு

இயல்பாகப் பேசுகையில் அடுத்த சொல்லைத் தேட நேரம் குறைவு. எனவே பழகிய சில சொற்களே திரும்பத் திரும்ப வரும். "வந்து", "அதாவது" போன்றவை பொருளின்றி இடைவெளியை நிரப்பும். ஆயத்த உரையில் இவை மறைந்து, "ரொம்ப" என்பது "மிகவும்" எனவும், "அப்புறம்" என்பது "பின்னர்" எனவும், "பஸ்" என்பது "பேருந்து" எனவும் மாறும். வினைமுற்றும் மாறும். விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்துள்ள ஒலக்கூர் போன்ற வடபகுதி ஊர்களில் "வந்துகினு இருக்காரு" என்பவர், ஒலிபெருக்கி முன் "வந்துகொண்டிருக்கிறார்" என்பார். இதனால் மேடைப்பேச்சைக் கேட்டுப் பேச்சாளரின் ஊரை அறிவது கடினம்.

வரலாறு

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். கிறித்தவப் போதகர்களின் பிரசங்க முறையே இதற்கு முன்மாதிரி. மேடைத்தமிழ் பழந்தமிழ் மரபு போலத் தோன்றினும், அண்மைக் காலத்தில் உருவானது என்பது மானிடவியலாளர் பெர்னார்டு பேட்டின் கருத்து. மதுரையில் கள ஆய்வு செய்த இவரது நூல் 2009 இல் வெளிவந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கா. ந. அண்ணாதுரையின் எதுகை, மோனை மிகுந்த அடுக்குமொழி நடை பரவலாகப் பின்பற்றப்பட்டது. ஆனால் அவருடைய தலைவரான பெரியார் ஈ. வெ. இராமசாமி பேச்சு வழக்கிலேயே மணிக்கணக்கில் பேசினார். ஆகவே செந்தமிழ் இன்றி மேடை இல்லை என்பது பொருந்தாது.

கலப்பு

தேர்ந்த பேச்சாளர்கள் இரு நடைகளையும் கலந்தே கையாளுகின்றனர். தொடக்க விளிப்பும் முடிவும் செந்தமிழில் அமையும். நகைச்சுவையும் குட்டிக்கதையும் பேச்சு வழக்கில் வரும். பட்டிமன்றங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

கல்வியில்

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் மாணவர்கள் பெரும்பாலும் பிறர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கின்றனர். ஒரு வரி மறந்தால் உரை அங்கேயே நின்றுவிடுகிறது. அதே கருத்தை வீட்டு மொழியில் தொடர அம்மாணவரால் இயலும். ஆயினும் மேடையில் அம்மொழி பிழையெனக் கருதப்படுவதால் அவர் வாய் திறப்பதில்லை. முழு உரையை விடுத்துக் குறிப்புகளை மட்டும் வைத்துப் பேசிப் பழகுவோருக்கு இவ்விடர் குறைவு.