கன்சோல்கள் தேடிய காதும் முகமும்

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடப் பயன்படும் கன்சோல் என்னும் கருவியின் புதிய தலைமுறை வரவிருக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் படத்தின் துல்லியமும் செயலியின் வேகமுமே முதலில் ஊகிக்கப்படுகின்றன. கருவி எழுப்பும் ஒலியும், விளையாடுபவருக்குப் பதிலாகத் திரையில் நடமாடும் அவதார் எனப்படும் உருவமும் பெரும்பாலும் பின்வரிசையிலேயே வைக்கப்பட்டன. எனினும் இந்த இரண்டின் வரலாறே ஆழமானது. இவற்றைப் பற்றிய கனவுகள் குறித்த காலத்தில் பலித்தது அரிது, பல ஆண்டுகள் தள்ளி, சில வேளைகளில் வேறொரு நிறுவனத்தின் கையில் பலித்ததே மிகுதி.

நின்டென்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியில் ஐந்து ஒலித்தடங்கள் மட்டுமே இருந்தன. அவற்றுள் ஒன்று இரைச்சலுக்கு உரியது. மற்றொன்று பதிவு செய்த குறுகிய ஒலித்துண்டை இசைக்க வல்லது. இசையமைப்பாளர்கள் எஞ்சிய மூன்றைக் கொண்டே மெட்டையும் அடிநாதத்தையும் கட்ட வேண்டியிருந்தது. இந்த வறுமையைக் கண்டு வருந்தியவர்களுள் ஒருவர் சோனி நிறுவனப் பொறியாளர் கென் குத்தராகி. அவர் தம் நிறுவன மேலிடத்துக்கு முழுமையாகத் தெரிவிக்காமலேயே நின்டென்டோவுக்கென ஒரு ஒலிச்சில்லை வடிவமைக்க முற்பட்டார். பதிவு செய்த இசைக்கருவி ஒலிகளை எட்டுத் தடங்களில் ஒருசேர இசைக்கும் அந்தச் சில்லு 1990இல் வெளிவந்த சூப்பர் ஃபேமிகாமில் இடம்பெற்றது. அந்த உறவின் தொடர்ச்சியாக இரு நிறுவனங்களும் வகுத்த குறுவட்டு இணைப்புக் கருவித் திட்டம் 1991இல் முறிந்துபோகவே, சோனி தனித்து நின்று 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனை வெளியிட்டது. கன்சோல் வரலாற்றின் மிகப் பெரிய போட்டி ஒரு ஒலிச்சில்லிலிருந்து கிளைத்தது என்பது, ஒலியைத் துணைப்பொருளாகக் கருதுவோர் மறக்கக்கூடாத உண்மையாகும்.

முகத்தின் கதை இதனினும் நீண்டது. விளையாடுபவரே ஒரு முகத்தை வரைந்து உருவாக்க வேண்டும் என்ற எண்ணத்தை நின்டென்டோவின் ஷிகேரு மியாமோட்டோ ஃபேமிகாம் காலத்திலிருந்தே வைத்திருந்தார்; ஆனால் அது ஒரு விளையாட்டாக உருப்பெறவில்லை. நின்டென்டோ 64 கருவிக்கான வட்டு இணைப்பில் 2000இல் வெளிவந்த ஒரு மென்பொருள், புகைப்படத்தில் உள்ள முகத்தை முப்பரிமாண உருவத்தின்மேல் பொருத்தியது. அந்த இணைப்புக் கருவி மக்களிடம் பரவாததால் முயற்சியும் அதனுடன் அடங்கியது. அதே ஆண்டில் பிரிட்டனின் ரேர் நிறுவனம் தன் ‘பெர்ஃபெக்ட் டார்க்’ விளையாட்டில், கேம்பாய் கேமராவால் எடுத்த முகங்களைப் பாத்திரங்களுக்குச் சூட்டும் வசதியை அறிவித்து, வெளியீட்டுக்கு முன்பே கைவிட்டது. 2006இல் வீ கருவியுடன் மீ உருவங்கள் வந்தபோதுதான் மியாமோட்டோவின் எண்ணம் நிலைபெற்றது. கைகால் இல்லாத ஜப்பானிய மரப்பொம்மையான கொக்கெஷியின் எளிமையைத் தழுவிய அந்த உருவங்களில் பத்தை வீயின் கைக்கருவியிலேயே சேமித்து நண்பர் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் முடிந்தது. புகைப்பட ஒற்றுமையைத் துரத்திய முயற்சிகள் தோற்ற இடத்தில், சில கோடுகளால் ஆன முகம் பாட்டி முதல் பேரன் வரை எல்லாரையும் அடையாளம் காட்டியது. இதை ஒரு கலைவெற்றியாகவே கொள்ள வேண்டும். இதற்குள் மைக்ரோசாஃப்டின் உடைமையாகிவிட்ட ரேர் நிறுவனமே 2008இல் எக்ஸ்பாக்ஸ் 360இன் அவதார்களை உருவாக்கியது. அதே ஆண்டு தொடங்கிய சோனியின் பிளேஸ்டேஷன் ஹோம் என்னும் மெய்நிகர் உலகம் 2015இல் மூடப்பட்டது.

இன்றைய ஊகங்கள் இந்த இரு கதைகளும் கூடும் இடத்தில் நிற்கின்றன. ஒவ்வொருவரின் தலையும் செவிமடலும் ஒலியைத் தனக்கே உரிய விதத்தில் மாற்றிச் செவிக்குள் அனுப்புவதால், திசை உணர்த்தும் முப்பரிமாண ஒலி துல்லியமாக அமைய விளையாடுபவரின் உடலமைப்பே கருவிக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் நிகழ்த்திய உரையில், தொடக்கத்தில் ஐந்து பொது அமைப்புகளே தரப்படும் என்றும், பிற்காலத்தில் காதின் புகைப்படத்தைக் கொண்டு பொருத்தமான அமைப்பைத் தேர்வு செய்யக்கூடும் என்றும் கூறினார். தனிநபருக்கேற்ற ஒலி அமைப்பு 2024 செப்டம்பரில் வந்தபோது அது புகைப்படம் எதையும் கேட்கவில்லை. சோதனை ஒலிகளைக் கேட்கச் செய்து, கேட்பவர் தரும் விடைகளைக் கொண்டே அமைப்பைத் தீர்மானித்தது.