விசாகப்பட்டினத்துப் பாம்புகளும் பேட்ரிக் ரசலின் தெலுங்குப் பெயர்களும்

அலெப்போவில் மருத்துவராகப் பணியாற்றிக் கொள்ளைநோயை ஆராய்ந்த பேட்ரிக் ரசல் 1781இல் இந்தியா வந்தார். உடன்பிறந்தாரான கிளாடு ரசல் விசாகப்பட்டினத்தில் கம்பெனியின் உயர் பதவியில் இருந்தார். 1785இல் கோனிக் மறைந்தபின் மதராசு அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி ரசலுக்கு வந்தது. அப்பதவி முதன்மையாகத் தாவரங்களுக்குரியது. அவர் பெயரை நிலைநிறுத்தியவையோ பாம்புகள்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த அக்கடற்கரையில் பாம்புக்கடி அன்றாடச் செய்தி. அதற்குரிய மருந்துகளுள் பெரும்புகழ் பெற்றிருந்தது 'தஞ்சாவூர் மாத்திரை'. பாடாணம் சேர்த்துச் செய்யப்பட்ட அம்மாத்திரையை ரசல் சோதித்தார். இங்கே ஒரு தருக்கச் சிக்கல் உண்டு. கடித்தது சாரையோ நீர்ச்சாரையோ ஆயின், கடிபட்டவர் எம்மருந்தும் இன்றியே பிழைப்பார். புகழ் மாத்திரைக்குப் போய்ச்சேரும். நல்ல பாம்பே கடித்தாலும் சில வேளைகளில் நஞ்சு இறங்குவதில்லை. ஆகவே மருந்தை மதிப்பிடுவதற்கு முன், நஞ்சுள்ளது எது, அற்றது எது என்று அறிய வேண்டியிருந்தது. ரசலின் பாம்பியல் இம்மருத்துவத் தேவையில் வேரூன்றியது.

லின்னேயசு பாம்புகளை வயிற்றுச் செதில், வாலடிச் செதில் ஆகியவற்றின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார். ரசலும் பொறுமையாக எண்ணினார். ஆனால் எண்ணிக்கை நஞ்சைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாயைத் திறந்து நச்சுப்பல்லைத் தேடுவதே உறுதியான வழியாக எஞ்சியது. உயிருள்ள பாம்பிடம் எளிய மக்கள் செய்யக்கூடிய சோதனையன்று அது. கட்டுவிரியனின் நடுமுதுகில் பெரிய அறுகோணச் செதில்கள் வரிசையாக அமைந்திருப்பதும், அதைப்போலவே தோன்றும் ஓநாய்ப் பாம்பில் அவை இல்லாமையும் இன்று அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால் எல்லா நச்சுப்பாம்புகளுக்கும் பொதுவான ஒரே புறக்குறி இன்றளவும் இல்லை.

1796இல் வெளிவந்த அவரது சோழமண்டலக் கரைப் பாம்பு நூலின் அரிய கூறு, படங்களோடு அச்சேறிய உள்ளூர்ப் பெயர்கள். கண்ணாடி விரியனை அவர் 'காடுக ரேகுல பொட' என்று பதிவு செய்தார். தெலுங்கில் காடுக கண்மை, ரேகு இதழ், பொட புள்ளி. விளிம்பில் மைதீட்டிய நீள்வட்டப் புள்ளிகளை ஒருமுறை கண்டவர் இப்பெயரின் நுட்பத்தை மறுக்கமாட்டார். மலைப்பாம்பு அவரிடம் 'பெத்த பொட' ஆயிற்று. ஒன்று கொல்லும், மற்றொன்றுக்கு நஞ்சே இல்லை. இரண்டையும் 'பொட' என்னும் சொல் இணைக்கிறது. மக்களின் பெயரீடு பல்லை நோக்கவில்லை, தோலை நோக்கியது. இன்றும் கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி எனக் கருதிக் கையிலெடுப்போர் உளர். இதற்காகத் தெலுங்கரை மட்டும் குறைகூற இயலாது. நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த கட்டுவிரியனைத் தமிழும் 'விரியன்' என்றே அழைக்கிறது.

ஐரோப்பியர் இப்பெயர்களை நடத்திய விதம் சீரானதன்று. கண்மையும் இதழும் மறைந்தன. 1797இல் ஷா அப்பாம்புக்கு ரசலின் பெயரையே சூட்டினார். தீங்கற்ற மண்ணுளிப் பாம்பொன்றுக்கு ரசல், தரங்கம்பாடிச் சமயப்பணியாளர் ஜானின் பெயரை 1801இல் வழங்கினார். இருதலைப் பாம்பு என்று நாம் சொல்வது அதுவே. அறிவியலில் நிலைத்த தெலுங்குச் சொல் 'பங்காரு', அதாவது பொன். கருப்பும் மஞ்சளுமாகப் பட்டையிட்ட பாம்பை ரசல் 'பங்காரும் பாமா' என எழுதினார். 1803இல் தோதேன் அதிலிருந்து 'பங்காரசு' என்னும் பேரினப் பெயரை அமைத்தார். கட்டுவிரியன்கள் அனைத்தும் இன்று அப்பேரினத்தில் அடங்குகின்றன.

இந்தியாவில் பரவலாக வழங்கும் கூட்டு நச்சுமுறி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டே உருவாக்கப்படுகிறது. பேரினத்துக்குப் பெயர் ஈந்த பொன்பட்டைப் பாம்பின் நஞ்சு அதில் சேரவில்லை.