போர்க்-வார்னர் டி-5 கியர்பெட்டி

போர்க்-வார்னர் டி-5 என்பது 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அறிமுகமான, ஐந்து வேகக் கைமுறைக் கியர்பெட்டி ஆகும். ஃபோர்டு மஸ்டாங், செவ்ரோலெட் கமாரோ முதலிய தானுந்துகளில் இது பொருத்தப்பட்டது. பிரித்தானியாவின் எம்ஜிபி (1962–1980) விளையாட்டுத் தானுந்தில் வி8 எஞ்சினை மாற்றிப் பொருத்துவோரும் இதனைப் பயன்படுத்துவதுண்டு. அத்தகைய தானுந்தின் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு கியர்பெட்டியை அறிய இயலாது. பெட்டியையே ஆராய வேண்டும்.

அடையாளம் காணல்

எம்ஜிபியின் மூலக் கியர்பெட்டி நான்கு வேகங்களை மட்டுமே உடையது. டி-5இல் ஐந்தாம் கியருக்கு நேர் பின்னால் பின்செல் கியர் அமைந்திருக்கும். பெட்டியின் பின்புற மரையாணி ஒன்றில் மாட்டப்பட்ட உலோகத் தகட்டில் 1352 எனத் தொடங்கும் எண் அதன் உட்பிரிவைக் காட்டும்.

தகடு தொலைந்திருப்பின், கழற்றிய பெட்டியை முதலாம் கியரில் இட்டு, வெளியீட்டுத் தண்டு ஒருமுறை சுழல உள்ளீட்டுத் தண்டு எத்தனை முறை சுழல்கின்றது என எண்ணலாம். 2.95, 3.35, 4.03 என்பன டி-5இன் முதலாம் கியர் விகிதங்களுட் சில.

இரு வகைகள்

1985 முதல் வெளியான 'வேர்ல்ட் கிளாஸ்' வகையில், பெட்டியின் முன்முகத்தில் எதிர்த்தண்டின் பேரிங் வளையம் வெளியே தெரியும். முந்தைய வகையில் அவ்விடம் மூடியால் அடைக்கப்பட்டிருக்கும். வேர்ல்ட் கிளாஸ் வகைக்குத் தானியங்கிக் கியர்பெட்டி எண்ணெயே ஏற்றது; தடித்த கியர் எண்ணெய் அதன் ஒத்தியக்க வளையங்களுக்குப் பொருந்தாது. இரு வகைகளின் உட்பாகங்களும் பெரும்பாலும் வேறுபடுவதால், உதிரிப்பாகங்கள் வாங்குமுன் வகையை உறுதிசெய்தல் இன்றியமையாதது.